அறிந்து வாங்குவோம்

நாக்பூர் நகரின் வாரச் சந்தையில் கயல்விழி தன் தாயாருடன் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். பளபளப்பான பெரிய கத்தரிக்காய்களை அவள் எடுத்ததும் தாயார் தடுத்தார்.

“இவ்வளவு பெரிதாக இருக்கிறதே! மரபணு மாற்றிய காயாக இருக்கும். வைத்துவிடு” என்றார்.

மாலையில் கயல்விழி, பருத்தி ஆராய்ச்சிப் பணியில் இருக்கும் தந்தையிடம், “அப்பா, மரபணு மாற்றிய காயைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியுமா?” என்று வினவினாள்.

“முடியாதம்மா. ஓர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் மற்றோர் உயிரினுள் சேர்ப்பது மரபணு மாற்றத்தின் ஒரு முறை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்தார்கள். அதனால் காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தை அச்செடியே உண்டாக்கிக்கொள்கிறது. அதுதான் பி.டி. பருத்தி. 2002ஆம் ஆண்டில் நம் நாட்டில் அதற்கு அனுமதி கிடைத்தது.”

“கத்தரிக்காய்?”

“பி.டி. கத்தரியும் உருவாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசு ஏழு நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டது. அவற்றுள் நாக்பூரும் ஒன்று. உழவர், அறிவியலாளர், நுகர்வோர் எனப் பலரும் பேசினர். அவ்வாண்டு பிப்ரவரியில் அரசு அதனை நிறுத்திவைத்தது. ஆகவே, இந்தியாவில் அதைப் பயிரிட அனுமதி இல்லை. காய் பெரிதாக இருப்பதோ, திராட்சையில் விதை இல்லாதிருப்பதோ மரபணு மாற்றத்தின் அடையாளம் அன்று.”

“அப்படியானால் நம் சமையலறைக்கு அது வரவேயில்லையா?” என்று தாயார் கேட்டார்.

“வந்திருக்கலாம். பருத்தி விதையிலிருந்தும் சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து சோயா எண்ணெய் இறக்குமதியாகிறது. அங்கு விளையும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டதே. ஆயினும், நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் ஏறக்குறைய இருப்பதில்லை.”

“உடலுக்குத் தீங்கு உண்டா?”

“உலகச் சந்தையில் இன்று உள்ள இத்தகைய உணவுகள் பாதுகாப்பு ஆய்வில் தேறியவை, அவற்றால் தீங்கு நேர வாய்ப்பில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால், ஒவ்வோர் உணவையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. அஞ்சி ஒதுக்குவதும் தவறு. ஆராயாமல் ஏற்பதும் தவறு. நாம் வாங்கும் பொருளைப் பற்றி அறிவது நம் உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவ்வுரிமையை நமக்கு அளிக்கிறது.”

மறுவாரம் தாயார் கத்தரிக்காயைத் தயக்கமின்றி வாங்கினார். பின்னர், மளிகைக் கடையில் காராபூந்திப் பொட்டலம் ஒன்றைத் திருப்பி, “எழுத்து சிறிதாக இருக்கிறது. படித்துச் சொல்” என்றார்.

“பருத்தி விதை எண்ணெய், அம்மா.”

தாயார் சற்றே சிந்தித்தார். பின்பு பொட்டலத்தைக் கூடையில் இட்டு, “இம்முறை தெரிந்தே வாங்குகிறேன்” என்றார்.

அருஞ்சொற்பொருள்

மரபணு – உயிர்களின் பண்புகளைத் தலைமுறைதோறும் கடத்தும் கூறு
நுகர்வோர் – பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர்
சுத்திகரித்தல் – தூய்மைப்படுத்துதல்
வினவினாள் – கேட்டாள்

பயிற்சி

1. பி.டி. பருத்தி காய்ப்புழுவிலிருந்து எவ்வாறு காக்கப்படுகிறது?
2. தாயார் முதலில் கத்தரிக்காயை ஏன் மறுத்தார்? அவர் கருத்து சரியா?
3. ‘அஞ்சி ஒதுக்குவதும் தவறு, ஆராயாமல் ஏற்பதும் தவறு’ – விளக்குக.
4. உங்கள் வீட்டிலுள்ள மூன்று உணவுப் பொட்டலங்களைப் படித்து, அவற்றில் சேர்த்துள்ள எண்ணெயின் பெயரைத் தமிழில் எழுதுக.