ஓலை இழைக்கும் கைகள்
(வீட்டுக் கைப்பணி பற்றிய ஒரு பாடம்)



விதைப்பு, பசளை, கிணறு, கடன் என்பவை பற்றியே இப்பக்கங்களில் நாம் வழமையாகப் பேசுகின்றோம். இம்முறை, அன்றைய வேலை முடிந்த பின்னர் வரும் மாலைப் பொழுதைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். அந்த நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்க மனமின்றி ஓலையை எடுத்து இழைக்கத் தொடங்கும் ஒருவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவர் உங்கள் தாயாக, ஆச்சியாக, அயல்வீட்டு அக்காவாக இருக்கலாம். "அது அவவின்ரை பொழுதுபோக்கு" என்று சொல்லி அவரைக் கடந்துவிடுகின்றோம். அப்படிக் கடந்துபோவது சரியா என்பதே இப்பாடத்தின் கேள்வி.

1. சத்தகத்தைத் தொலைத்த அம்மா

எமது பணித்தளத்தில் நாம் சந்தித்த ஓர் அம்மா, 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். உறவினர் வீட்டில் தங்கியிருந்தவர், 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு எல்லோரோடும் தென்மராட்சிக்கு நடந்தார். அங்கிருந்து வன்னிக்குப் போனார். 2009இல் வவுனியாவில் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் கையில் இருந்த பொருள்கள் குறைந்தன. ஓலை வார்வதற்குத் தாயார் கொடுத்த சத்தகமும் கடைசி ஓட்டத்தில் தவறிவிட்டது.

முகாமைச் சுற்றி ஓலையும் இல்லை, கருவியும் இல்லை. நிவாரணப் பொதிகளைக் கட்டி வந்த பிளாஸ்ரிக் நாடாக்களைப் பொறுக்கினார். மீன் ரின்னின் மூடியைக் கல்லில் தீட்டி, அதனால் நாடாவை வார்ந்தார். பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைக்கு முதலில் ஒரு கிலுகிலுப்பை செய்தார். பிறகு சவர்க்காரம் வைக்க ஒரு சிறு பெட்டி இழைத்தார். ஏன் இந்தக் கஷ்டம் என்று நாம் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்:

"சுவாமி, இஞ்சை தண்ணிக்கு வரிசை, சோத்துக்கு வரிசை, கக்கூசுக்கும் வரிசை. இதைச் செய்யேக்கை மட்டும் நான் வரிசையில நிக்கிற ஆள் இல்லை."

அபிவிருத்தி பற்றி நாம் படித்த பல பாடங்களில் இந்த ஒரு வசனம் இருக்கவில்லை. பெறுபவராக மட்டும் வைக்கப்பட்ட ஒருவர், தன் கையால் ஒன்றைச் செய்து மற்றவருக்குக் கொடுக்கும்போது மீண்டும் கொடுப்பவராகின்றார். மனித மாண்பு என்று திருச்சபை போதிப்பதை நாம் அங்கே கண்டோம்.

2. எமது விசுவாச மரபில் கைப்பணி

எகிப்திலிருந்து வெளியேறி, பாலைவனத்தில் கூடாரங்களில் வாழ்ந்த மக்களிடையே கைவினைஞராகிய பெட்சலேலைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பியதை விடுதலைப்பயணம் 31ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். சொந்த நிலம் இன்னும் கைக்கு வராத காலம் அது. ஆயினும் அழகானதைச் செய்வதற்கு அம்மக்கள் நிலம் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை.

புனித பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. எகிப்தின் பாலைவனத் துறவிகள் பேரீச்ச ஓலையால் கயிறும் கூடையும் பாயும் பின்னியபடி செபித்தார்கள். 356இல் இறந்த புனித வனத்து அந்தோனியார் பற்றிய மரபுக்கதை ஒன்று உண்டு. மனச்சோர்வினால் செபிக்க முடியாமல் தவித்த அவர், ஒருவர் இருந்து கயிறு பின்னுவதையும், எழுந்து செபிப்பதையும், மீண்டும் இருந்து பின்னுவதையும் கண்டாராம். அவ்வாறு செய்தவர் ஒரு வானதூதர் என்று அக்கதை சொல்கின்றது. மனச்சோர்வு எம் மக்களுக்குப் புதிதல்ல. இப்பழைய மருந்தையும் நாம் மறக்கவேண்டாம்.

குருத்தோலை ஞாயிறன்று எம் பிள்ளைகள் ஓலையில் சிலுவை மடிக்கின்றார்கள். அவ்வோலைகளை எரித்த சாம்பலே அடுத்த ஆண்டின் திருநீற்றுப் புதனன்று எம் நெற்றிக்கு வருகின்றது. ஓலை எமது வீட்டுக்கும் ஆலயத்துக்கும் பொதுவான பொருள்.

3. ஒரு சிறு பெட்டி செய்வோம்

ஓலை எடுத்தல்: வடலியின் முழுதாக விரியாத இளம் ஓலையே இழைப்புக்கு ஏற்றது. ஒரு வடலியில் ஒரு முறைக்கு ஒன்று மட்டும் வெட்டுங்கள். அடுத்து வருவதை விரியவிடுங்கள். தொடர்ந்து குருத்தை எடுத்தால் வடலி வளர்ச்சி குன்றும். பனை பூத்துப் பயன் தருவதற்குப் 12 முதல் 15 ஆண்டுகளுக்கு மேலும் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். போரில் ஷெல் பட்டும், காப்பரண்களுக்குத் தறிக்கப்பட்டும் அழிந்த பனைகளின் இடத்தை இன்றைய வடலிகளே நிரப்பவேண்டும்.

எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத வடலிக்காட்டுக்குள் ஓலைக்காகவோ விறகுக்காகவோ போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். அடையாளம் தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

காயவைத்தல்: ஓலையைப் பிரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். பச்சை மாறி வெளிறிய நிறம் வந்ததும் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். புகை படுவதால் பூச்சி அணுகாது. மாரி காலத்தில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஐப்பசிக்கு முன்னரே தேவையான ஓலையைச் சேர்த்துவைப்பது நல்லது.

வார்தல்: வேலைக்கு முன் ஈரத்துணியால் ஓலையைச் சுற்றிவைத்தால் முறியாது. ஈர்க்கை நீக்கி, ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத்தில், ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளத்தில் 16 வார்கள் எடுங்கள். எல்லா வாரும் ஒரே அகலமாக இருக்கவேண்டும். அகலம் மாறினால் பெட்டி கோணும். ஈர்க்கை எறியவேண்டாம். அது சுளகுக்கு உதவும்.

இழைத்தல்: 8 வார்களை நெடுக்காக அடுக்குங்கள். மற்ற 8 வார்களையும் அவற்றின் நடுப்பகுதியில், ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என, குறுக்காகக் கோத்து இறுக்குங்கள். நடுவில் 12 சென்ரிமீற்றர் சதுரம் கிடைக்கும். ஓரத்தை மடித்துச் சொருகினால் இதுவே ஒரு சிறு தடுக்கு.

பெட்டியாக்குவதில்தான் புதியவர்கள் தவறு விடுகின்றார்கள். சதுரத்தின் மூலைகளைப் பெட்டியின் மூலைகளாக எண்ணி மடிக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிற்கும் 4ஆம், 5ஆம் வார்களை ஒன்றுக்கொன்று குறுக்காக இழுத்து இழையுங்கள். அங்கேதான் பெட்டியின் மூலை எழும்பும். நான்கு பக்கமும் இவ்வாறு செய்ததும், பழைய மூலைகள் தாமாகவே சுவராக நிமிரும். அடிப்பாகம் முந்திய சதுரத்தின் அரைவாசிப் பரப்பாகும். அதாவது பக்கம் ஏறத்தாழ எட்டரைச் சென்ரிமீற்றர். பாடசாலைப் பிள்ளைகளிடம் இதன் காரணத்தைக் கேளுங்கள். கேத்திரகணிதம் கைக்குள் வரும்.

பின்னர் சுற்றிச் சுற்றி இழைத்து, வேண்டிய உயரம் வந்ததும் வார்களை மடித்து, வந்த வழியே உள்ளே சொருகுங்கள். சத்தகத்தின் கூரிய முனை இதற்கே உள்ளது.

சாயம்: கொதிக்கும் நீரில் சாயத்தைக் கரைத்து, சிறிது உப்பிட்டு, வார்களை அமிழ்த்துங்கள். நிறம் ஏறியதும் எடுத்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள். சமையல் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

4. நாம் விட்ட தவறு

மேலே சொன்ன அம்மா முகாமிலிருந்து வந்தபின், அவரைப் போன்ற பெண்களைச் சேர்த்து ஒரு பயிற்சி தொடங்கினோம். நோக்கம் நல்லதே. ஆனால் யார் வாங்குவார் என்று கேட்காமலே சுவர் அலங்காரங்களையும் கைப்பைகளையும் நூற்றுக்கணக்கில் செய்வித்தோம். எண்ணிக்கையை அறிக்கையில் எழுதினோம். விற்காதவை பங்குமனையின் பின் அறையில் கிடந்து மாரியில் பூஞ்சணம் பிடித்தன. அதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. மாலையில் விரும்பி இழைத்த பெண்கள், எமக்குக் கணக்குக் காட்டுவதற்காக இழைக்கத் தொடங்கினார்கள். சிலர் ஓலையையே வெறுத்தார்கள். அவர்களிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம்.

அதிலிருந்து கற்றவை மூன்று:

(அ) முதலில் வீட்டுக்கும் அயலுக்கும் தேவையானதைச் செய்யுங்கள். நீற்றுப்பெட்டி, சுளகு, கடகம், பாய் இன்றும் பயன்படுபவை. மிக மெல்லிய பொலித்தீனுக்கும் லஞ்ச் ஷீற்றுக்கும் 2017இல் தடை வந்தபின், ஓலைப் பொருள்களைக் கேட்பவர்களும் உண்டு.

(ஆ) விற்பதானால் கூலியைக் கணக்கிடுங்கள். உங்கள் ஊரில் 8 மணித்தியாலத் தோட்ட வேலைக்கு என்ன கூலியோ, அதை 8ஆல் பிரியுங்கள். பெட்டிக்குச் சென்ற மணித்தியாலங்களால் பெருக்குங்கள். ஓலை, சாயம், பஸ் செலவைக் கூட்டுங்கள். கேட்கும் விலை இதற்குக் குறைவாயின், நீங்கள் பெட்டியோடு உங்கள் உழைப்பையும் இலவசமாகக் கொடுக்கின்றீர்கள். உறவினருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது நல்லது. வியாபாரிக்கு அன்பளிப்புத் தேவையில்லை.

(இ) கைப்பணிக்கென நுண்கடன் எடுக்காதீர்கள். ஓலைக்கும் சத்தகத்துக்கும் கடன் தேவையில்லை. கடன் காரியாலய ஆட்கள் கிழமைதோறும் வாசலில் நின்றால் மாலைப் பொழுதின் ஆறுதல் போய்விடும்.

5. பெட்டி காணிக்கு ஈடாகாது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். காணியில்லாத விவசாயிக்குக் கைப்பணி பழக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுபவர்கள் உள்ளார்கள். நாமும் ஒரு காலத்தில் ஓரளவு அப்படி எண்ணினோம். விவசாயிக்குத் தேவை நிலம். வலிகாமம் வடக்கில் 2009இன் பின் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. ஆனாலும் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. அந்தக் கோரிக்கையை எந்தப் பயிற்சியும் மௌனமாக்கக் கூடாது.

இதை எம்மைவிட அந்த அம்மா நன்கு அறிந்திருந்தார். வாடகை வீட்டுக்கு வந்து, புதுச் சத்தகம் கிடைத்ததும் அவர் முதலில் இழைத்தது ஒரு மூடுபெட்டி. காணி உறுதியின் பிரதி, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் இட்டு அதற்குள் வைத்தார். ஓடவேண்டி வந்தால் ஒரே கையால் தூக்கக்கூடிய அளவு. இன்றும் அது அவருடைய தலைமாட்டில் இருக்கின்றது. காணி இன்னும் வரவில்லை. மாலையில் பேத்தி பக்கத்தில் இருந்து வார் எடுத்துக் கொடுக்கின்றாள். தோட்டத்தில் கிணறு எங்கே, மா எங்கே, எந்த மூலையில் பனை நின்றது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளை இழைப்பின் இடையே கேட்டு அறிந்துவிட்டாள்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் அல்லது தங்கியிருக்கும் இடத்தில் ஓலை இழைக்கத் தெரிந்தவர்கள் யார்? அவர்களிடம் கற்க யாரை அனுப்பலாம்?

2. இடப்பெயர்வில் எந்தக் கைவேலையை நாம் கைவிட்டோம்? ஏன்?

3. எமது காணிப் பத்திரங்கள் எங்கே, எப்படி உள்ளன? பிரதி எடுத்துள்ளோமா?

4. இந்த மாரிக்குள் ஒவ்வொரு குடும்பமும் எத்தனை பனம்விதை ஊன்றலாம்?

செபம்: தச்சுப் பட்டறையில் வேலை செய்த ஆண்டவரே, எங்கள் கைகளை ஆசீர்வதியும். நாங்கள் இழைப்பவை எங்கள் வீடுகளில் பயன்படட்டும். எங்கள் நிலங்களுக்கு எங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தருளும். ஆமென்.