சுகர் மாத்திரை மேல் பழி, வலி மாத்திரை மேல் பிரியம்

"சுகர் மாத்திரையத் தொடர்ந்து தின்னா கிட்னி போயிரும்." தாமிரபரணிக் கரை ஊர்களில் இந்தப் பேச்சு காதில் விழாத தெரு இல்லை. சொல்கிறவர்களில் பலர், இடுப்புவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையைக் கொஞ்சமும் பயமில்லாமல் விழுங்குகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரை எது என்பதில் நாம் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறோம்.

சர்க்கரைக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. பல வருஷம் கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான் கெடுக்கின்றன. பிறகு இந்தப் பழி எங்கிருந்து வந்தது? மெட்ஃபார்மின் சிறுநீர் வழியாக அப்படியே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தால் அது உடம்பில் தேங்கும். அதனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையக் குறைய மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பார். அந்தத் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் நிறுத்தியே விடுவார். 'கிட்னி போச்சு, டாக்டரே மாத்திரையை நிறுத்திட்டாரு' என்று வீட்டுக்கு வரும் செய்தி, நாலு வாய் மாறியதும் 'மாத்திரையாலதான் கிட்னி போச்சு' என்று ஆகிவிடுகிறது. உண்மையில், கொதிப்புக்குத் தரப்படும் எனாலாபிரில், டெல்மிசார்ட்டன் போன்றவை சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கவும் செய்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை வாங்கி டப்பாவில் போட்டுவைத்துவிட்டுச் சும்மா இருப்பவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

இனி வலி மாத்திரைக்கு வருவோம். பத்தமடைப் பாயின் பெருமை நமக்குத் தெரியும். அதை நெய்கிற பெண்களின் முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தரையோடு தரையாகக் கட்டிய பாவின்மேல் குனிந்து, கோரையை ஒவ்வொன்றாகக் கோர்த்து, மணிக்கணக்கில் உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற வேலை. இடுப்பும் முட்டும் வலிக்காமல் என்ன செய்யும்? டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகும். எனவே, "வலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே." கடைக்காரர் அட்டைகளில் இருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறார். பெயரும் தேதியும் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடுகின்றன. வாங்கியவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு கேஸ் மாத்திரை.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் சுரப்பதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து வைத்திருப்பதும் அதே பொருள்தான். அதைத் தடுத்தால் வலியோடு சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. நல்ல உடம்புள்ள இளவட்டம் இரண்டு நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வயதானவர், சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தவர் என்றால் கதை வேறு. கொதிப்பு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் அவற்றோடு வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகம் சில நாளிலேயே செயலிழக்கலாம். கொதிப்பும் ஏறும்.

'கூடவே கேஸ் மாத்திரை போடுறோமே' என்பார்கள். அது வயிற்றுப் புண்ணைத்தான் தடுக்கும். சிறுநீரகத்துக்கு எந்தக் காவலும் இல்லை. 'ஊசி போட்டா சேதாரம் இல்லை' என்பதும் வீண் பேச்சு. ஊசியில் ஏறினாலும் டைக்ளோஃபினாக் டைக்ளோஃபினாக்தான்.

அந்த உறையில் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை சில சமயம் ஸ்டீராய்டாக இருக்கும். மறுநாளே எழுந்து நடமாட வைப்பது அதுதான். கடைக்காரருக்குக் 'கைராசி' என்று பேர் வாங்கித் தருவதும் அதுதான். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இவை எல்லாம் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள். அட்டையின் ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு அதுதான் பொருள். சீட்டு இல்லாமல் கொடுப்பது உதவி இல்லை, குற்றம்.

'அப்போ நாட்டு மருந்துக்குப் போயிரலாம், அதுல பக்கவிளைவே கிடையாது' என்பது அடுத்த நம்பிக்கை. ஆடுதின்னாப்பாளையின் இனத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்களை அழித்தது அதே அமிலம். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்தவரிடம் போங்கள். வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சந்தையில் பொடி விற்பவர் அதைக் கேட்கவே மாட்டார்.

மாத்திரையும் பொடியும் மட்டுமில்லை, சிரப்பும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். குழந்தைக்கு இருமல் சிரப் ஊற்றுவதில் ஆபத்தில்லை என்று நினைத்தவர்களை 2025 உலுக்கியது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டியது. அக்டோபர் 1 முதல் தமிழகத்தில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து பிஞ்சுகள் பல போய்விட்டன. இரண்டு வயதுக்குள் இருமல் சளி மருந்தே கொடுக்க வேண்டாம் என்பது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் சிறுநீரகத்துக்குக் குறைந்த ஆபத்துள்ளது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அந்த அளவும் ஆகாது. மருந்து வாங்கினால் பெயர் தெரியும்படி அட்டையாகக் கேளுங்கள், பில் கேளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். வாரக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், இந்த வாரமே எல்லா மாத்திரைகளையும் அந்தக் காகித உறையோடு ஒரு பையில் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சேரன்மகாதேவி அரசு மருத்துவமனைக்கோ எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.