108-இல் ஏன் இத்தனை கேள்வி?

கேள்வி: 108-க்கு போன் போட்டால் ஆம்புலன்ஸ் வண்டியை அனுப்பாமல் தாலுகா, தெரு என்று குடைகிறார்களே?
(வாசகி, தென்காசி)

பதில்: 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய இந்தச் சேவையின் கட்டுப்பாட்டு அறை சென்னையில் இருக்கிறது. ‘மாரியம்மன் கோயில் பக்கத்துல, சீக்கிரம் வாங்க’ என்றால், எந்த ஊர் மாரியம்மன் என்று கேட்கத்தானே வேண்டும்? மாவட்டம், தாலுகா, ஊர் என்ற வரிசையில் சொல்லுங்கள். பாதிக் கேள்வி குறையும். ‘மூச்சு இருக்கிறதா?’ என்பதும் வெட்டிக் கேள்வியல்ல. இல்லையென்றால், வண்டி வரும்வரை நெஞ்சை எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லித்தர முடியும்.

ஆனால் உங்கள் எரிச்சலிலும் நியாயம் உண்டு. இடம் தெரிந்த நொடியே வண்டி கிளம்பிவிட வேண்டும். மற்றதை அது ஓடும்போது கேட்கலாம். செல்போனே இருப்பிடத்தை அனுப்பிவிடும் வசதி பல நாடுகளில் வந்துவிட்டது. அது இங்கே முழுமையாக வரும்வரை, தெருமுனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். டிரைவர் கூப்பிடுவார், லைனை பிஸியாக்காதீர்கள்.