அம்மாவுக்கு மனச்சோர்வு: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

நம் வீட்டு அம்மாக்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். "உடம்பே முடியலை", "நெஞ்சு படபடங்குது", "கை கால் ஓய்ஞ்சு போச்சு" என்றுதான் சொல்வார்கள். ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தால் நார்மல் என்று வரும். "ஒண்ணுமில்லம்மா, ரிப்போர்ட் நல்லா இருக்கு" என்று நாமும் நிம்மதியாகச் சொல்லிவிடுவோம். அம்மா காதில் அது "நீ நடிக்கிறே" என்று விழும். "ஒண்ணுமில்ல" என்ற அந்த வார்த்தையை முதலில் நிறுத்துங்கள். வலி உண்மையான வலிதான்.

அடுத்து, கவனியுங்கள். விடிகாலை மூன்று மணிக்கே விழித்துவிட்டு மறுபடி தூக்கம் வராமல் படுத்திருப்பது, சாப்பாடு குறைவது, சீரியல் ஓடும்போதும் கண் அதில் இல்லாதது, பேத்தி வந்தாலும் முகம் மலராதது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று அடிக்கடி சொல்வது. இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூட்டமான ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்கலாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். பிறகு மனநல மருத்துவர். பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள், அடுத்த முறை வரமாட்டார். "தூக்கம் வரலைன்னு சொன்னியே, அதுக்கு மருந்து கேப்போம்மா" என்பது உண்மையும்கூட. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, செலவில்லை. எங்கே போவது என்று புரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை, குடும்பத்தாரும் அழைக்கலாம்.

மாத்திரை விஷயத்தில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கோளாறு, பதற்றம் வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய இன்னும் சில வாரம். தொல்லை முந்திக்கொண்டு வருவதால் பத்தாம் நாளே "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். "தூக்க மாத்திரை, பழகிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மனச்சோர்வு மருந்து வேறு, தூக்க மாத்திரை வேறு. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம்.

வீட்டில் அன்றாடம் என்ன செய்வது? அடுப்படியை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம், முழுதாக அவர் தலையில் போடவும் வேண்டாம். முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டி, அவர் எதிரே உட்கார்ந்து நீங்கள் ஆயத் தொடங்குங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். சில நாள் அவர் கையும் தானாக முறத்துக்கு வரும். வராத நாளில் நீங்களே ஆய்ந்து முடியுங்கள், "இதுகூட முடியாதா" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். சாயங்காலம் தெருமுனை வரை நடை, அதுவும் உங்களோடு. கோயிலுக்குப் போகணும் என்றால் கூட்டிப் போங்கள், மாத்திரையும் போட்டுவிட்டு. "உனக்கென்ன குறைச்சல், பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கோம்" என்பது அவருடைய குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும். "கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா, நான் இங்கதான் இருக்கேன்" போதும்.

ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஆள் கிடைத்ததே என்று பலர் அழுதுவிடுவார்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அல்லது வீட்டைவிட்டு அகற்றுங்கள். அன்றைக்கே மருத்துவமனை, அவசரமென்றால் 108. சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் இன்னும் கவனம் தேவை. மனம் தெளியும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடுவது உண்டு.

இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஆள் தலையில், மகள் அல்லது மருமகள் தலையில், விழுகிறது. இது அநியாயம். வெளியூரில் இருக்கும் அண்ணன் தினமும் ஒரு நேரம் அம்மாவோடு போனில் பேசட்டும். அப்பா மாத்திரை எடுத்துக் கொடுக்கட்டும். வாரத்தில் ஓர் அரை நாளாவது கவனித்துக்கொள்பவர் வெளியே போய்வரட்டும். உங்களுக்கே தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறீர்கள் என்றால் அதே டாக்டரிடம் உங்களுக்காகவும் பேசுங்கள்.

மாத்திரை தீரும் தேதிக்கு மூன்று நாள் முன்பே அடுத்த ஓ.பி. நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, யார் கூடப் போவது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.