பழைய டிராக்டரின் முன்பக்கத் தேய்மானமும் அதைப் புதுப்பிக்கும் முறையும்

வேதாரண்யம் பக்கத்தில் பழைய டிராக்டர் வைத்திருப்போர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: வண்டி கைக்கு அடங்கவில்லை என்பது. ஸ்டியரிங்கை நாலு விரற்கடை திருப்பிய பிறகே முன்சக்கரம் அசைகிறது. வயலுக்குள் இது தொல்லை மாத்திரம். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் வாய்க்கால் கரைமேல் வரும்போதோ உயிருக்கே அபாயம். ஒரு முழம் விலகினால் ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் பள்ளம்.

குறையைக் கேட்டதும் ஸ்டியரிங் பாக்ஸை இறுக்குவது வழக்கமாயிருக்கிறது. இது சரியன்று. அளவுக்கு மீறி இறுக்கினால் பற்கள் சீக்கிரம் கெடும். கீழேயுள்ள ஆட்டம் அப்படியே இருக்கும். தேய்மானத்தைச் சக்கரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தேட வேண்டும்.

பெர்குசன் டி.ஈ. 20 என்னும் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். இங்கிலாந்தில் காவெண்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது. 1960ம் வருஷம் சென்னையில் ஏற்பட்ட டாபே கம்பெனியின் மாசி பெர்குசன் 1035 வண்டியும் அதே வம்சத்தைச் சேர்ந்ததே. டி.ஈ. 20ல் இரு முன்சக்கரங்களையும் நேரே பிணைக்கும் குறுக்குத் தண்டு கிடையாது. பாக்ஸின் இருபுறமும் ஒவ்வொரு கை உண்டு. அதிலிருந்து ஒரு டிராக் லிங்க் அந்தந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குச் செல்கிறது. சக்கரங்களின் அகலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஸ்டியரிங் கெடாதிருப்பதற்கான யுக்தி இது. ஆனால் ஒரு பக்கத்துப் பால் ஜாயிண்ட் தேய்ந்தால் அந்தச் சக்கரம் மட்டும் தன்போக்கில் அலையும், டயரும் அரைபடும். ஒரு சங்கத்தின் செலவுச் சீட்டுகளில் ஒரே வருஷத்தில் இரண்டு முறை முன் டயர் வாங்கிய கணக்கைக் கண்டேன். புஷ் வாங்கிய சீட்டு ஒன்றுகூட இல்லை!

பரீக்ஷிக்கும் முறை வருமாறு. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கீழே கனத்த மரக்கட்டைகளை அடுக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியில் புகலாகாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஸ்பிண்டில் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் குற்றம். ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. பிறகு ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது இப்படியும் அப்படியும் திருப்ப, மற்றொருவர் ஒவ்வொரு பால் ஜாயிண்டையும் விரலால் தொட்டு, ஆட்டமுள்ள இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட வேண்டும். அச்சின் நடுவிலுள்ள சென்டர் பின்னையும், அச்சைப் பின்னிருந்து தாங்கும் ரேடியஸ் ராடுகளின் முனைகளையும் மறக்கக் கூடாது. அவை தளர்ந்தால் அச்சே முன்னும் பின்னும் நகரும். மற்ற வேலை யாவும் வீண்.

ஸ்பிண்டிலைக் கழற்றியதும் தண்டைத் துடைத்து மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க வேண்டும். சேற்றுழவின் சேறும், கடற்காற்றின் உப்பும் கிரீஸ் இல்லாத இடத்தில் புகுந்து இரும்பை அரித்துவிடுகின்றன. தண்டு வட்டம் கெட்டு நீள்வட்டமாகிறது. அத்தகைய தண்டுக்குப் புதுப் புஷ் போட்டால் ஒரு போகம்கூட நிற்காது. வெல்டு வைத்து லேத்தில் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் உண்டு, செலவும் குறைவுதான். ஆயினும் சக்கரம் ஏறும் தண்டின் அடிப்பகுதியில் சூடு பட்டால் பிற்பாடு வெடிப்புக் கண்டு, ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடக் கூடும். ஸ்பிண்டிலைப் பொறுத்தவரை புதியது வாங்குவதே உத்தமம். மேல் புஷ், கீழ்ப் புஷ் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் ஓட்டிச் சரிப்படுத்த வேண்டும். புஷ்ஷின் துவாரம் கிரீஸ் துவாரத்துக்கு நேரே இருக்கிறதா என்று பார்ப்பது அற்பமாய்த் தோன்றும். அது தவறினால் புதுப் புஷ்ஷும் வறண்டே ஓடும்.

பால் ஜாயிண்டின் நட்டில் பழைய பிளவு ஊசியைத் திரும்பப் போடலாகாது. துவாரம் நேர்ப்படாவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்க வேண்டுமேயன்றி, ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

எல்லாம் கோத்த பின், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, பாதியில் நிறுத்தவும். அந்நிலையில் இரு டிராக் லிங்குகளையும் திருத்தி, இரு சக்கரங்களும் வண்டிக்கு நேராக நிற்கச் செய்ய வேண்டும். சக்கர மையத்தின் உயரத்தில் முன்னும் பின்னும் இடைவெளியை அளந்தால், முன்னளவு கம்பெனிப் புத்தகத்தில் கண்டபடி சிறிதே குறைந்திருக்க வேண்டும்.

கிரீஸ் வைக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கி, பாரம் இல்லாதபடி வைத்து அடித்தால்தான் ஸ்பிண்டிலின் அடித்தளம்வரை போகும். பழைய கிரீஸும் சேறும் வெளியே பிதுங்கி, சுத்தமான கிரீஸ் வரும்வரை அடிக்கவும். சேற்றுழவு நடக்கும் நாட்களில் இதைத் தினமும் மாலையில் செய்வது நல்லது. வண்டியை முதலில் டிரெய்லரின்றி வெற்றுத் திடலில் ஓட்டிப் பார்த்து, பத்து மணி நேர வேலைக்குப் பின் எல்லா நட்டுகளையும் மறுமுறை சோதித்து, மாற்றிய சாமான்களின் பெயரையும் தேதியையும் சங்கத்தின் யந்திரப் பதிவேட்டில் எழுதி வைக்கவும்.