நாட்டுப்புற மரங்களும் நகரத்து மரங்களும்

மண்ணும் மழையும் ஏறக்குறைய ஒன்றாயிருக்கும் சோழமண்டலக் கரைச் சமவெளியில், வயல் வரப்பிலும் ஏரியிலும் கோயிற்காட்டிலும் நகரத்தெருவிலும் வெவ்வேறு மரக்கூட்டங்கள் நிற்கின்றன. இவ்வேற்றுமைக்கு முதற்காரணம், மனிதர் அந்நிலத்தை உபயோகிக்கும் முறையேயாகும். மரம் நட உத்தேசிக்கும் நிலக்காரரும் கிராம உத்தியோகஸ்தரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

வரப்பும் ஏரியும்

வயலில் பயிருக்கு வெயில் வேண்டும். ஆதலால் நிழல் குறுகிய பனை வரப்பிலே நிலைத்தது. வேம்பும் பூவரசும் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் இடம் பெற்றன. நீர் தேங்கினாலும் பொறுக்கும் கருவேல் ஏரியின் உள்வாயில் விறகுக்காக வளர்க்கப்பட்டது. புளி சாலையோரத்தில் நின்று, நிழலும் ஏல வருமானமும் தந்தது. பயன்படாத மரத்திற்கு இங்கே இடமில்லை. பயன்படும் மரமோ தலைமுறைதோறும் காக்கப்பட்டது.

இப்பொழுது பல ஏரிகளிலும் தரிசுகளிலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேல் பரவி, மற்றக் கன்றுகளை எழவொட்டாமல் செய்கிறது. அங்கே மரங்கள் மிகுதியாயிருப்பினும் இனங்கள் குறைவு.

கோயிற்காடு

ஐயனார் கோயில்களைச் சுற்றிக் கோடரி படாமல் நிற்கும் காடுகளில் வீரை, பாலை, காயா முதலிய பழைய மரங்களைக் காணலாம். இவற்றை ஒருவரும் நட்டதில்லை. பறவைகளும் வௌவால்களும் விதையைக் கொணர்கின்றன. சருகு மூடிய மண்ணில் கன்றுகள் தாமே முளைக்கின்றன. முதுமரமும் இளமரமும் கன்றும் ஒருங்கே இருப்பதே இக்காட்டின் சிறப்பு.

நகரத்தெரு

நகரத்தில் மரம் விரைவில் நிழல் தரவேண்டும், பூவும் அழகாயிருக்கவேண்டும். ஆகவே மடகாஸ்கரைச் சேர்ந்த செம்மயிற்கொன்றையும், வெப்ப அமெரிக்காவைச் சேர்ந்த தூங்குமூஞ்சியும், மஞ்சட்பூ பூக்கும் இயல்வாகையும் தெருக்களில் மிகுந்தன. தோட்டங்களையும் சேர்த்து எண்ணினால் நகரத்தில் இனங்கள் கிராமத்தைவிட அதிகமாயிருத்தலும் கூடும். எனினும் தளம் பாவிய தரையில் உதிர்ந்த விதை முளைப்பதில்லை; சாக்கடைக்கும் குழாய்க்கும் தோண்டும்போது வேர்கள் அறுபடுகின்றன.

நகரம் முழுவதும் ஒரே தன்மையதன்று. 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கிண்டிக் காட்டில், சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், கரையோரப் பழங்காட்டின் மரங்கள் சென்னையின் நடுவிலேயே எஞ்சி நிற்கின்றன.

இரு புயல்கள் காட்டிய உண்மை

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இது நகரத்தின் குறை மாத்திரமே என்று கிராமத்தார் கருதலாகாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. தென்னையொன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் ஓரிரவில் பல்லாண்டு வருமானத்தை இழந்தன. ஒரே இனமும் ஒரே வயதும் கொண்ட மரக்கூட்டம், தெருவிலிருப்பினும் தோப்பிலிருப்பினும், ஒருசேர அழியும் அபாயமுடையது.

ஒப்பிடும் முறை

1. சமபரப்புள்ள இரண்டு இடங்களைத் தெரிந்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஓரடிக்குக் குறையாத சுற்றளவுள்ள மரங்களை இனவாரியாக எண்ணவேண்டும். கன்றுகளைத் தனியே குறிக்கவேண்டும்.

2. இரண்டிடத்துக்கும் பொதுவான இனங்களை இரட்டித்து, ஒவ்வோரிடத்து இனத்தொகையையும் கூட்டி வந்த தொகையால் வகுக்கவேண்டும். உதாரணமாக, ஓரிடத்தில் 12 இனம், மற்றோரிடத்தில் 18 இனம், பொதுவானவை 6 எனில், 12-ஐ 30-ஆல் வகுக்க ஒப்புமை நூற்றுக்கு 40 ஆகும்.

3. ஒரே இனம் எவ்வளவு இடம் கொண்டது என்று பார்க்கவேண்டும். பத்து இனங்கள் இருந்தும் 100 மரங்களில் 90 ஓரினமாயின், அதனைப் பலவினத் தோப்பென்று சொல்லுதற்கில்லை.

4. முதுமரத்தின் இனத்திலேயே கன்றுகள் உளவா என்று நோக்கவேண்டும். கன்றில்லாத இனம் அவ்விடத்தை விட்டு நீங்கும் இனமாகும்.

செய்யத்தக்கவை

ஊர்ப்பொது நிலத்திலும் சாலையோரத்திலும் நடும்போது நகரத்துப் பூமரங்களையே பின்பற்றாமல், புங்கம், வேம்பு, இலுப்பை, நாவல், மருது முதலியவற்றைக் கலந்து, சில ஆண்டுகள் இடைவிட்டு நடுதல் நலம். வேம்பு, இலுப்பை விதைகள் விரைவில் முளைப்புத்திறன் இழப்பதால் ஆனி, ஆடியில் பழுத்தவுடன் விதைக்கவேண்டும். உதிர்ந்த பனங்கொட்டைகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஊன்றவேண்டும். பனை பயன்தரப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாது. ஆகையால் நிற்கும் பனையை வெட்டுமுன் நன்கு ஆலோசித்தல் வேண்டும். அதற்கு ஜில்லா கலெக்டரின் அனுமதி தேவையென்று தமிழ்நாடு அரசினர் 2021-இல் அறிவித்ததும் இக்காரணம் பற்றியே.

கிராமத்தில் ஐந்தாண்டுக்கொருமுறை மேற்சொன்னவாறு கணக்கெடுத்து எழுதிவைத்தால், எவ்வினம் குறைகிறது என்பதை அது முற்றிலும் மறையுமுன்னரே அறிந்து நட்டுக்கொள்ளலாம்.