விற்பதில்லை என்று உறுதி எடுத்த ஊர்

தோட்டத்துக் கோயில் திருவிழாவிற்குப் பந்தல் போடும்போது நாம் யாரும் கூலி பேசுவதில்லை. கம்பத்து மலாய் மக்கள் இத்தகைய கூட்டு உழைப்பைக் 'கோத்தோங் ரோயோங்' என்பர். ஜப்பானில், ஷோ ஆற்றங்கரையிலுள்ள ஓகிமாச்சி என்னும் சிற்றூரில் இதற்கு 'யூய்' என்று பெயர். அவ்வூர் இன்று உலகறிந்த சுற்றுலாத் தலமாக விளங்குகிறது.

அங்குள்ள வீடுகளின் புற்கூரை, கைகூப்பியது போல் செங்குத்தாகச் சரிந்திருக்கும். கூரைக்குள் அமைந்த மாடிகளில் முன்னாளில் பட்டுப்புழு வளர்த்தனர். 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் புதிதாக வேய வேண்டும். ஒரு பக்கத்தை ஒரே நாளில் வேய்ந்து முடிக்க 100 முதல் 200 பேர் தேவை. எந்தக் குடும்பத்தால் இத்தனை பேருக்குக் கூலி கொடுக்க இயலும்? ஆகவே, யார் வீட்டிற்கு யார் உழைத்தனர், என்ன கொடுத்தனர் என்பதை ஏட்டில் எழுதி வைத்து, முறை வரும்போது திருப்பிச் செய்தனர். நாம் மொய் எழுதுவது போன்றதுதான்!

1961-இல் மிபோரோ அணை கட்டி முடிக்கப்பட்டபோது அவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் சில நீரில் மூழ்கின. பழைய வீடுகள் பல விலைபேசப்பட்டு, பெயர்த்தெடுக்கப்பட்டு, வெளியூர்களில் உணவகங்களாயின. தம் ஊருக்கும் அந்நிலை வருமென்று அஞ்சிய ஓகிமாச்சி மக்கள் 1971-இல் சங்கம் அமைத்தனர். வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என உறுதி பூண்டனர்.

இங்கு ஆண்டுகளை நாம் கவனிக்க வேண்டும். மக்களின் தீர்மானம் 1971-இல். அரசின் பாதுகாப்பு 1976-இல். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் 1995-இல். இன்றும் ஒருவர் தம் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்பினால் அச்சங்கத்தின் முன் வைத்தாக வேண்டும். சொந்த வீட்டில் இத்தனை கட்டுப்பாடா என்று நமக்குத் தோன்றலாம். விற்க முடியாத வீடு அவசரத்துக்குப் பணமாகாது. அது எளிய தியாகமன்று.

ஆனால், வருவாய் ஊரிலேயே தங்கியது. பல குடும்பங்கள் தம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்கின்றன. தொல்லையும் உடன் வந்தது. சில நூறு பேரே வாழும் அச்சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் காண 2019-இல் 17 இலட்சம் பேருக்கு மேல் வந்தனர். பயணிகளின் வாகனங்களை ஆற்றின் அக்கரையில் நிறுத்தி, தொங்கு பாலத்தின் வழியே நடந்து வரச் செய்தனர். பனிக்காலத்தில் வீடுகளுக்கு விளக்கொளி பாய்ச்சும் மாலைகளில், முன்பதிவு செய்தவர்களை மட்டுமே 2019 முதல் அனுமதித்தனர்.

புற்கூரைக்குப் பெரும்பகை தீ. ஆகவே ஊரார் முறைவைத்து, கட்டைகளைத் தட்டி எச்சரித்தவாறு தெருக்களைச் சுற்றி வருகின்றனர்.